திண்டுக்கல்லில் வெந்நீர் ஊற்றுத் தேடினேன்

கண்ணுக்குத் தெரியாததை ஆராய்வது ஒரு தொழில் என்றால், அதில் எதையாவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காட்டச் சொல்லும் மேலதிகாரியைச் சமாளிப்பது அதற்குள்ளேயே இருக்கிற இன்னொரு தொழில். சம்பளம் முதல் தொழிலுக்கு, உழைப்பெல்லாம் இரண்டாவதில். எந்த ஆபீஸில் நாற்காலி தேய்த்தவராக இருந்தாலும் நீங்கள் இதை ஒப்புக்கொள்வீர்கள். ஆகவே உங்களைச் சக நோயாளியாக நினைத்துத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். பாக்டீரியா படிப்பு முடித்துச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்திருந்தேன். எங்கள் டைரக்டர் வெளிநாடு போய் வந்தார். அங்கே ஏதோ மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகளாம். கையை வைத்தால் தோல் உரிந்துவிடும் சூட்டில், மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கிருமிகள் கம்பளம் விரித்த மாதிரி குடித்தனம் நடத்துகின்றனவாம். அந்த அழகில் மயங்கிப்போனவர், வந்த கையோடு வெந்நீர் ஊற்று ஸ்கீம் ஒன்று போட்டார். அதற்கான கிளையைத் திண்டுக்கல்லில் திறந்தார்.

ஏன் திண்டுக்கல்? அங்கே ஊற்று இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. புகையிலைப் பூச்சி ஆராய்ச்சிக்காக எடுத்த வாடகைக் கட்டடம் ஒன்று அங்கே சும்மா கிடந்தது. பூச்சிகள் ஒத்துழைக்காததால் அந்த ஸ்கீமை மூடிவிட்டார்கள். குத்தகை மட்டும் முடியவில்லை. அந்தக் கட்டடத்துக்கு நான், எனக்கு மேலே சூப்பரின்டெண்ட் ஞானப்பிரகாசம் சார், கீழே லேப் அட்டெண்டர் முத்துக்கருப்பன். ரிட்டயர் ஆகும்வரை சென்னையிலிருந்து ஒரு கேள்வியும் வராமல் பார்த்துக்கொள்வதுதான் ஞானப்பிரகாசம் சார் செய்துவந்த ஆராய்ச்சி. முத்துக்கருப்பன் உள்ளூர்க்காரர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய சம்சாரம்.

முதல் விசாரணை

திண்டுக்கல் வந்து சேர்ந்த முதல் வாரம், ஊரை விசாரித்துக்கொண்டு வரும்படி சார் அனுப்பினார். கையில் தெர்மாமீட்டர், தோளில் சாம்பிள் பாட்டில் நிறைந்த பை. ஒரு தெருவில் குழாயடியில் குடங்கள் வளைந்து வளைந்து வரிசையில் நின்றன. குடத்துக்குச் சொந்தக்காரர்கள் வேப்ப நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. தண்ணீரைப் பற்றி விசாரிக்க இதைவிட நல்ல சபை கிடைக்காது என்று நானாக முடிவு செய்தேன்.

நடுவயதுப் பெண் ஒருவர் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "நர்ஸம்மாவா?" என்றார். இல்லை, ஆராய்ச்சி என்றேன். "இந்தப் பக்கம் எங்கேயாவது தண்ணீர் பூமிக்குள்ளேயிருந்து தானாகக் கொதித்துக்கொண்டு வருகிறதா?" என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை உச்சி முதல் கால்வரை பார்த்தார்.

"ஏந் தாயி, பச்சத் தண்ணிக்கே நாங்க காலையில இருந்து குடத்தோட அலையுறோம், ஒனக்கு வெந்நி கேக்குதோ?"

ஊற்றுக்கு வாரம் ஒரு நாள் லீவு

வருஷக் கடைசிக்குள் ஓர் ஊற்றையாவது காட்டாவிட்டால் கிளையை மூடிவிடுவதாகச் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. ஞானப்பிரகாசம் சாருக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் சாணார்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் வெந்நீர் ஊற்று இருப்பதாக முத்துக்கருப்பன் தகவல் கொண்டுவந்தார். பஸ்ஸில் போய், இறங்கி, மாட்டுவண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். உண்மையாகவே வேலியோரத்துப் பள்ளத்தில் ஆவி பறக்கத் தண்ணீர் கிடந்தது. பக்கத்தில் ஒரு கல். கல்லுக்கு மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழ மாலை. ஊர்ப் பெரியவர் ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களை வரவேற்றார். மூட்டு வலிக்குக் கைகண்ட தண்ணீராம்.

தெர்மாமீட்டரை விட்டேன். அறுபதைத் தாண்டி ஏறியது. "எப்பவும் இப்படியே சுடுமா ஐயா?" என்றேன். "எப்பவும் சுடும் தாயி. வெள்ளிக்கிழமை மட்டும் ஆறிப்போயிரும். அன்னைக்கு அம்மன் விரதம்" என்றார். பூமிக்கடியில் இருக்கிற நெருப்பு வார லீவு எடுப்பதாக நான் படித்ததில்லை. வேலியை விலக்கி எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஓர் அரிசி மில். நெல் அவித்த தண்ணீர் ஒரு குழாய் வழியாக வெளியே வந்து, வேலிக்கு அடியில் புகுந்து, பள்ளத்தில் ஊற்றாக அவதாரம் எடுத்துக்கொண்டிருந்தது. மில்லுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

பெரியவரிடம் குழாயைக் காட்டினேன். அவர் அதிரவில்லை. குழாய் இருப்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்தது என் அறியாமை. துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்:

"மில்லுக்குள்ள இருக்கிற வரைக்கும் அது மில்லுத் தண்ணி. வேலிக்கு இந்தப் பக்கம் வந்துருச்சுன்னா ஊத்துத் தண்ணி. எல்லைன்னு ஒண்ணு இருக்குல்ல தாயி?"

வேறு டிபார்ட்மெண்ட்

ஆனாலும் அந்தப் பள்ளத்துச் சேற்றைப் பாட்டிலில் எடுத்து வந்தேன். சூடு விரும்பும் கிருமி அதில் இருந்தது. தட்டில் பாலாடை மாதிரி படர்ந்து வளர்ந்தது. சந்தோஷத்தோடு அதைக் கொண்டுபோய்ச் சார் மேசையில் வைத்தேன். ஞானப்பிரகாசம் சார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு தட்டை என் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.

"மிஸ் கோமதி, நம்ம ஸ்கீம் பேரு வெந்நீர் ஊற்று. அரிசி மில்லு வேற டிபார்ட்மெண்ட்."

சூட்டுப் பெட்டி

எங்கள் லேபில் இருந்த ஒரே விலையுயர்ந்த சாமான் இன்குபேட்டர். கிருமிகளுக்குப் பிடித்த சூட்டில் அவற்றை வைத்து வளர்க்கிற பெட்டி. என் கிருமிகளுக்காக அதை அறுபது டிகிரியில் வைத்திருந்தேன். இதே மாதிரிப் பெட்டியில் கோழிக்குஞ்சு பொரிக்கிறார்கள் என்று முத்துக்கருப்பனின் சம்சாரத்துக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாளே ஒரு நாள் கூடை நிறைய வைக்கோல் பரப்பி, அதில் வாத்து முட்டைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அது குஞ்சு பொரிக்கிற சூடு இல்லை, கொல்லுகிற சூடு என்று நான் எவ்வளவோ சொன்னேன். "கிருமிக்குச் சூடு போதும், வாத்துக்கு மட்டும் கூடிப் போச்சாக்கும்?" என்று கேட்டுவிட்டுக் கோபத்தோடு போனார். கூடையை எடுத்துப் போனாரா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தால் என் தட்டுகள் கீழ்த்தட்டில் ஒண்டிக்கொண்டிருந்தன. மேல்தட்டு முழுக்க முட்டை. ஒன்றை உடைத்துப் பார்த்தேன். முழுசாக வேகவும் இல்லை, பச்சையும் இல்லை, ரெண்டுங்கெட்டானாக இறுகிப்போயிருந்தது. முத்துக்கருப்பன் என் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு முட்டையாகத் துண்டில் எடுத்து வைத்தார். வீட்டில் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கே பாவமாக இருந்தது. வாசல்வரை போனவர் திரும்பி நின்று, தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொள்வது மாதிரி சொன்னார்:

"குஞ்சு வரலைன்னா என்னம்மா, மத்தியானச் சோத்துக்கு வெஞ்சனம் ஆச்சுல்ல."

பங்காளியின் கிருமி

கீரனூர்க்காரர் ஒருவர் ஒரு நாள் சாக்கு மூட்டையோடு வந்தார். அவருடைய வைக்கோற்போர் யாரும் தீ வைக்காமலே உள்ளுக்குள் புகைந்து கருகிப்போய்விட்டதாம். பங்காளி சூனியம் வைத்துவிட்டான் என்று போலீஸுக்குப் போயிருக்கிறார். போலீஸ் தாலுகா ஆபீஸுக்கு அனுப்பியது. தாலுகா ஆபீஸில் யாரோ, திண்டுக்கல்லில் சூட்டைப் பற்றி ஆராய ஓர் ஆபீஸ் இருக்கிறது, அங்கே போ என்று கைகழுவி விட்டிருக்கிறார்கள். அந்த நல்லவர் யார் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

மூட்டையில் பாதி கருகிய வைக்கோல். கையை விட்டால் உள்ளே இன்னும் ஈரப்பிசுபிசுப்பு. எனக்குப் புரிந்துவிட்டது. மழையில் நனைந்த வைக்கோலைக் காய வைக்காமல் போர் போட்டிருக்கிறார். உள்ளே கிருமிகள் பெருகி, பெருகுகிற வேகத்தில் சூடு கிளப்பி, அந்தச் சூட்டில் சூடு விரும்பும் கிருமிகள் குடியேறி மேலும் சூட்டைக் கிளப்பி, கடைசியில் வைக்கோலே புகைந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பில் அவருக்கே காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அட, நெளியுதுங்க" என்றார். விஞ்ஞானம் ஒரு மனிதரைப் பகையிலிருந்து மீட்டுவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கட்டிக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாஞ் செரிங்க அம்மணி. ஏனுங்க, பூச்சி மேல கேசு போட முடியுமுங்களா? இதுக பங்காளி வூட்டுல இருந்துதான் வந்துச்சுன்னு ஒரு வரி மட்டும் எளுதிக் குடுத்துருங்க."

நோன்புக் கஞ்சிக்கு மேலே

கிருமிகளுக்கு இரை வைக்கிற தட்டில் அகர் என்று ஒன்றை ஊற்றி உறைய வைப்போம். சென்னையிலிருந்து அகர் வரவில்லை. கேட்டு எழுதினால், போன தடவை அனுப்பியதற்குக் கணக்கு வரவில்லை என்று பதில் வந்தது. பஸ் ஸ்டாண்டு அருகே டீக்கடை வைத்திருந்த இபுராகிம் பாயிடம் பேச்சுவாக்கில் இதைப் புலம்பினேன். தினமும் சாயங்காலம் நானும் முத்துக்கருப்பனும் டீ குடிக்கிற கடை. அகர் எப்படி இருக்கும் என்று பாய் கேட்டார். வெள்ளை நார் மாதிரி, கொதிக்க வைத்தால் கரையும், ஆறினால் கட்டியாகும் என்றேன். "அட, கடல்பாசி!" என்றார்.

அடுத்த நாள் ஒரு பொட்டலம் தயாராக இருந்தது. ரம்ஜான் மாதத்தில் பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சித் தட்டில் ஊற்றித் துண்டு போடுகிற அதே கடல்பாசி. கழுவிச் சுத்தம் செய்து, இறைச்சிச் சாற்றோடு காய்ச்சி ஊற்றினேன். சென்னைச் சரக்கைவிடக் கெட்டியாக நின்றது. சூட்டுப் பெட்டியில் வைத்தும் இளகவில்லை. நன்றி சொல்லப் போனபோது, ஒரு தட்டை எடுத்துப் போய்ப் பாயிடம் காட்டினேன். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தார்.

"நாங்க பகலெல்லாம் பட்டினி கெடந்து ராத்திரி ஒரு துண்டு திங்குறோம். உங்க கிருமி ஒரு நோன்பும் வைக்காம இதத் திங்குதா டாக்டரம்மா?"

பித்தளைப் பாய்லர்

பாய் கடையில் ஒரு பித்தளைப் பாய்லர். இடுப்பளவு உயரம், நெஞ்சில் மூன்று மெடல் பதித்தது, உள்ளே கரி கனன்றுகொண்டே இருக்கும். பாயின் வாப்பா பற்ற வைத்த நெருப்பாம். ராத்திரியில் சாம்பல் மூடி வைத்து, விடியலில் கிளறிவிடுவார்களே தவிர, ஒருநாளும் அணைத்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். டீக்காக அவர் குழாயைத் திருகிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், எனக்கு மண்டையில் பொறி தட்டியது. எத்தனையோ வருஷங்களாக ஆறாத தண்ணீர். ஊற்று என்பது வேறு என்ன?

பாயிடம் கேட்டு, குழாயின் வாய்க்குள் படிந்திருந்த பழுப்புப் பிசுக்கைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் போனேன். பெட்டியில் வைத்தேன். வந்தது பாருங்கள்! பொன் மஞ்சளில், பளபளவென்று, டைரக்டர் வெளிநாட்டில் பார்த்து மயங்கிய அதே நிறம். நான் லேபில் தனியாக நின்று கை தட்டினேன். இந்தத் தடவை ஞானப்பிரகாசம் சாரும் வேறு டிபார்ட்மெண்ட் என்று சொல்லவில்லை. வருஷக் கடைசிக் கெடு அவர் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது அல்லவா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றவர்களிடமெல்லாம், பாய் கடைப் பாய்லரில் எங்கள் ஆபீஸ் அபூர்வக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அபூர்வம் என்ற வார்த்தை கோயில் வாசலோடு நின்றுவிட்டது. கிருமி மட்டும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. கடைவீதி தாண்டுகையில் அது பூச்சியானது. பேகம்பூர் போய்த் திரும்புகையில் புழுவானது. செவ்வாய்க்கிழமை பாய் கடை பெஞ்சில் ஈ மட்டும் உட்கார்ந்திருந்தது. புதன்கிழமை சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து, பாய்லரில் தண்ணீரை ஊற்றி அணைத்து, கடையைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஓடிப் போய்ப் பார்த்தேன். பூட்டிய கடை முன்னால் பாய் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தொழில் போனா வேற தொழில் பாத்துக்கலாம் டாக்டரம்மா. புழுத் தண்ணி குடுத்தவன்னு ஊரு சொல்லுதே, போன மானத்த, இஜ்ஜத்த எங்க போயி வாங்குறது?"

ஒரு வரி

சுகாதார அதிகாரி முன்னால் விசாரணை. அதிகாரி மேசைக்குப் பின்னால். இன்ஸ்பெக்டர் அவருக்கு வலப்பக்கம், மீசையை நீவிக்கொண்டு. நானும் ஞானப்பிரகாசம் சாரும் எதிர் நாற்காலியில். பாய் கதவோரம் நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அதிகாரி நல்லவர்தான். எல்லாரையும் சீக்கிரம் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும் என்ற நல்லெண்ணம் அவர் முகத்தில் இருந்தது.

"அம்மா, ஒரே வரி எழுதிக் குடுங்க. பாய்லர்ல கிருமி இல்லைன்னு. பாய் கடை தொறக்கலாம், நமக்கும் வேலை முடிஞ்சுது."

"கிருமி இருக்கே சார்."

"அப்ப தொறக்க முடியாதே."

"இருக்கு. ஆனா மனுஷனை ஒண்ணும் செய்யாது."

"ஒண்ணும் செய்யாதுன்னா அது எப்படிம்மா கிருமி?"

ஞானப்பிரகாசம் சார் என் பக்கம் சாய்ந்து, "ஒரு வரிதானேம்மா" என்று கிசுகிசுத்தார். இல்லை என்று எழுதினால் பாய் பிழைப்பார். நான் கண்டுபிடித்த ஒரே கிருமி காகிதத்தில் செத்துப்போகும். இருக்கிறது என்று எழுதினால் கிருமி பிழைக்கும். பாய் கதை முடியும். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவோரத்திலிருந்து பாய் தொண்டையைக் கனைத்தார். "இருக்கிறதை இல்லைன்னு எழுத வேண்டாம்மா. நாளைக்கு அதையே எவனாச்சும் தூக்கிக் காட்டுவான்" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சார், இதுங்க அறுபது டிகிரி சூட்டுல வாழ்றதுங்க. நம்ம உடம்பு அதுங்களுக்குக் கொடைக்கானல் மாதிரி. உள்ளே போனா வெறைச்சு முடங்கிரும்" என்றேன். அதிகாரி சிரித்தார், ஆனால் நம்பவில்லை. பையிலிருந்து தட்டுகளை எடுத்தேன். ஒன்றில் அதிகாரியின் விரலை வைக்கச் சொன்னேன்; ஒன்றில் இன்ஸ்பெக்டரின் விரல்; ஒன்றில் ஞானப்பிரகாசம் சார். நான்காவதில் அவர்கள் கண் முன்னாலேயே, அணைக்கும் முன் பாய்லரிலிருந்து இன்ஸ்பெக்டரே சாட்சிக்கென்று பிடித்து, சீல் வைத்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு சொட்டு. எல்லாவற்றையும் அங்கேயே அதிகாரியின் அலமாரியில் வைத்துப் பூட்டினோம். உடம்புச் சூட்டுக்கு இன்குபேட்டர் வேண்டியதில்லை. திண்டுக்கல் சித்திரை வெயிலே போதும்.

ஒரு நாள் விட்டு மறுநாள் திறந்தோம். பாய்லர்த் தண்ணீர்த் தட்டு கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. அதிகாரியின் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். ஞானப்பிரகாசம் சாருடையதில் ஒரு சின்னத் தோட்டம். இன்ஸ்பெக்டரின் தட்டில் விரல் வைத்த இடம் மட்டுமில்லை, தட்டே தெரியவில்லை; வெள்ளை, மஞ்சள், ஓரத்தில் பச்சைப் பூசணம் வேறு. "இதுங்கதான் சார் நம்ம உடம்புச் சூட்டுல வளர்றதுங்க" என்றேன். இன்ஸ்பெக்டர், கடல்பாசியில் ஏதோ கோளாறு என்றார். அதிகாரி தன் தட்டை அவசரமாக மூடி, ஃபைலுக்கு அடியில் தள்ளினார். பிறகு பாயை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்; கடைசியில் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"போய்ப் பாய் கடையைத் தொறந்து விட்டுட்டு வாங்க. பூட்டைத் தொடுறதுக்கு முன்னாடி கையைக் கழுவிக்கங்க."

முதல் வாடிக்கை

கடை திறந்துவிட்டது, நெருப்புதான் போய்விட்டது. வாப்பா பற்ற வைத்தது அணைந்துபோன பாய்லரைப் பாய் துடைத்துத் துடைத்து வைத்தார். புதுக் கரி போட்டு, பிஸ்மில்லா சொல்லிப் பற்ற வைத்தபோது நானும் இருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முழுக்க டீ குடிக்க யாரும் வரவில்லை. பயம் அவ்வளவு சீக்கிரம் ஆறுமா? நானும் முத்துக்கருப்பனும் ஆளுக்கு மூன்று டீ குடித்தோம். எதிர்க்கடைக்காரர்கள் எங்களை, சாகப் போகிறவர்களைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் குழாய் வாயை மறுபடி சுரண்டி எடுத்துப்போய்ப் பார்த்தேன். அதே பொன் மஞ்சள். ஆறிக் கிடந்த நாளெல்லாம் உறங்கிக் கிடந்துவிட்டு, சூடு பட்டதும் எழுந்து வந்துவிட்டன. பாயிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்தினார். ரொம்ப நாளுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"இருக்கட்டும் டாக்டரம்மா, இருக்கட்டும். கடை தொறந்து மனுசப் பய ஒருத்தன் எட்டிப் பாக்கல, அதுங்களாச்சும் வந்துச்சுல்ல."

டைரக்டர் விஜயம்

மனிதர்களும் மெல்ல வந்தார்கள். சின்னாளபட்டியிலிருந்து சேலை மூட்டையோடு பஸ் ஏற வருகிறவர்களுக்கு ஊர் வம்பு தெரியாது. அவர்கள் குடிப்பதைப் பார்த்து உள்ளூர்க்காரர்களும் உட்கார்ந்தார்கள். அந்த வருஷக் கடைசியில் டைரக்டரே சென்னையிலிருந்து வந்தார். கழுத்தில் காமிரா. தட்டைப் பார்த்தார், மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், "வெளிநாட்டில் பார்த்தது இதுவேதான்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உடனே ஊற்றைப் பார்க்க வேண்டும் என்றார். ஞானப்பிரகாசம் சார் எங்கோ வேலை இருப்பதாக நழுவிவிட்டார். நான்தான் கூட்டிப் போனேன்.

பஸ் ஸ்டாண்டில் டைரக்டர் பாய்லருக்கு எதிரே நின்றார். பாய் அவருக்கென்று தனியாகக் கிளாஸ் கழுவி டீ போட்டுக் கொடுத்தார். டைரக்டர் குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார். காமிராவை ஒரு தடவை கண்ணுக்குக் கொண்டுபோனார். மெடல் பதித்த பாய்லர், அதன் பின்னால் பீடி விளம்பரம், முன்னால் தூங்குகிற ஒரு நாய். எடுக்காமலே காமிராவை இறக்கி உறையில் போட்டு மூடினார்.

"கண்டுபிடிச்சது சரிதான், மிஸ் கோமதி. ஆனா இடம் கௌரவமா இல்லையே."

மாவட்டத்தில் வெந்நீர் ஊற்று இல்லை என்ற காரணத்தால் கிளை மூடப்பட்டது. சூட்டில் வாழும் கிருமிகளில் எனக்கிருந்த அனுபவத்தைக் கருதி என்னை ஊட்டிக்கு, உருளைக்கிழங்குக் குளிர்கிடங்கு ஸ்கீமுக்கு மாற்றினார்கள். கொதிக்கிற தண்ணீரை ஒட்டியும் வாழும் உயிர் உண்டு, ஐஸில் வாழும் உயிரும் உண்டு என்று இரண்டையும் கண்ணால் பார்த்துவிட்ட எனக்கு, சர்க்கார் ஸ்கீம் ஒன்றுக்குள் முழுசாக ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கிற உயிரைத்தான் ரிட்டயர் ஆகும்வரை எந்த மைக்ராஸ்கோப்பிலும் பார்க்கக் கிடைக்கவில்லை.